மெக்கன்சியின் நடுவே 'இசட்' எப்படி வந்தது? ஸ்காட்லாந்துப் பெயர்களின் பூர்வீகம்

கேள்வி இதுதான்: மெக்கன்சி, மெக்டொனால்டு, கேம்பெல், டங்கன், ஹேமிஷ், ஃபியோனா மாதிரியான ஸ்காட்லாந்துப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? எல்லாமே கேலிக் மொழிதானா? ஒரே பெயருக்கு ஒவ்வோர் இணையதளமும் ஒவ்வொரு பொருள் சொல்கிறதே, எதை நம்புவது?

எல்லாமே கேலிக் இல்லை. இன்று ஸ்காட்லாந்து என்று சொல்லும் நிலத்தில் கடந்த ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளில் பிக்டிஷ், பிரித்தானிய கெல்டிக், கேலிக், வைகிங்குகளின் நார்ஸ், பழைய ஆங்கிலம், நார்மன் பிரெஞ்சு என்று குறைந்தது ஆறு மொழிகள் புழங்கியிருக்கின்றன. ஆறும் பெயர்களை விட்டுவிட்டுப் போயிருக்கின்றன. இணையப் பட்டியல்கள் குழம்புவதற்குக் காரணம் இன்னொன்று. ஹைலண்ட்ஸ் என்கிற வடமேற்கு மலைநாட்டில் ஒருவருக்கு வீட்டில் கூப்பிட ஒரு கேலிக் பெயர், பதிவேட்டில் ஓர் ஆங்கிலப் பெயர் என்று இரண்டு இருந்தன. பதிவேட்டில் இருப்பது வீட்டுப் பெயரின் மொழிபெயர்ப்பு என்று நினைத்து, ஒன்றின் பொருளை மற்றதன் தலையில் கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் அவை மொழிபெயர்ப்பே கிடையாது. ஓசை கொஞ்சம் ஒத்துப்போனது, அல்லது யாரோ ஒரு பாதிரியார் அப்படி எழுதிவைத்தார், அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. நாம் கேலிக் என்று எழுதினாலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் மொழியைக் 'காலிக்' என்றுதான் சொல்வார்கள். அந்த மொழியின் எழுத்து ஒரு மாதிரி, ஒலி வேறு மாதிரி. இங்கே தமிழில் தருவது தோராயமான ஒலி.

பிக்டுகளிடமிருந்து தொடங்குவோம். வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்தவர்கள். அவர்கள் பேசியது வெல்ஷ் மொழிக்கு உறவான ஒரு கெல்டிக் மொழி என்பதே இன்று பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அவர்களுடைய அரசர் பட்டியலில் பிரிடேய், டலோர்க், டிரெஸ்ட், நெக்டன் என்று வருகிறது. இவற்றில் பிரிடேயும் டலோர்க்கும் வழக்கொழிந்துவிட்டன. நெக்டன் மட்டும் மெக்நாட்டன் என்ற குடும்பப் பெயருக்குள் உயிரோடு இருக்கிறார். டிரெஸ்ட் என்ற பெயரையும் ஐரோப்பியக் காதல் கதைகளில் வரும் டிரிஸ்டனையும் ஒரே வேரில் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஆங்கஸ் என்பது இன்னும் சுவையானது. பிக்டு அரசர் ஒருவரை ஒனுயிஸ்ட் என்று பிக்டிஷ் வடிவிலும், ஓயங்குஸ் என்று கேலிக் வடிவிலும் பழைய ஆவணங்கள் குறிக்கின்றன. இரண்டும் உறவுமொழிகள் என்பதால் ஒரே பழங்கெல்டிக் பெயர் இரண்டு பக்கமும் தனித்தனியே வளர்ந்திருக்கிறது.

தென்மேற்கில், கிளைடு ஆற்றங்கரையில் பிரித்தானியர்களின் அரசு இருந்தது. கிளாஸ்கோவின் காவல் புனிதர் கென்டிகர்ன் அவர்களில் ஒருவர். 'வேட்டைநாய்த் தலைவன்' என்பது மாதிரியான வீரப் பெயர் அது. நாய் என்றால் அந்தக் காலக் கெல்டிக் மொழிகளில் வசவு இல்லை, பட்டம். அவருடைய செல்லப் பெயர்தான் மங்கோ. ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றைத் தேடிப் போன மங்கோ பார்க் வரைக்கும் அந்தப் பெயர் ஓடி வந்தது.

அப்புறம் கேலிக். அயர்லாந்தின் வடகிழக்கிலும் எதிர்க்கரையான அர்கைலிலும் பரவியிருந்த டால் ரியாட்டா அரசின் மொழி. அர்கைல் என்ற சொல்லே 'கேலர்களின் கரை'தான். இந்த அடுக்கில்தான் டொனால்டு, டங்கன் எல்லாம் வருகின்றன. டொனால்டின் கேலிக் வடிவம் தோ-அல். வேர்ப்பொருள் 'உலகை ஆள்பவன்'. கடைசியில் வரும் 'டு' கேலிக்கில் கிடையாது, ஆங்கிலத்தில் எழுதியவர்கள் ஒட்டியது. டங்கன் என்பது டொன்னஹத், 'பழுப்பு நிறப் போர்வீரன்'. ஆனால் 13ஆம் நூற்றாண்டில் ஒரு குழந்தைக்கு டங்கன் என்று பெயர் வைத்தவர்கள் போர்வீரனையோ பழுப்பு நிறத்தையோ நினைத்து வைத்திருக்க மாட்டார்கள். தாத்தா பெயர் டங்கன், அதனால் பேரன் பெயரும் டங்கன். வேர்ப்பொருளுக்கு இணையம் கொடுக்கும் மரியாதை அந்தக் காலத்து மனிதர்கள் கொடுத்த மரியாதையைவிட அதிகம் என்பது என் எண்ணம்.

கிறித்தவம் வந்த பிறகு கேலிக்கில் ஒரு புது வகைப் பெயர் உருவானது. புனிதரின் பெயரை அப்படியே பிள்ளைக்கு வைக்க ஒரு கூச்சம் இருந்தது போலும். அதனால் முன்னால் 'மேல்' அல்லது 'கில்லே' சேர்த்தார்கள். மேல் என்றால் முடி மழித்தவன், அதாவது துறவி போலத் தலை மழித்துக்கொண்ட அடியவன். கில்லே என்றால் பணியாள். நம் ஊர்க் கிறிஸ்துதாஸ், அருள்தாஸ் பெயர்களில் 'தாஸ்' செய்யும் வேலையை இவை முன்னால் நின்று செய்கின்றன. கில்கிறிஸ்ட் கிறிஸ்துவின் பணியாள். கில்மோர் மரியாளின் பணியாள். கிலெஸ்பி பிஷப்பின் பணியாள். மெக்லீன் என்ற பெரிய குலப் பெயருக்குள்ளே ஒளிந்திருப்பதும் 'கில்லே யோவன்', யோவானின் பணியாள். மால்கம் என்பது 'மேல் கொலும்', கொலும்பாவின் அடியவன். 563இல் அயோனா தீவுக்கு வந்து மடம் நிறுவிய அதே கொலும்பாதான். ஸ்காட்லாந்தில் நான்கு அரசர்கள் மால்கம் என்ற பெயரில் ஆண்டிருக்கிறார்கள்.

அந்த நால்வரில் மூன்றாம் மால்கமின் வீட்டைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அரச குடும்பத்தில் கேலிக் பெயர்கள் ஓரங்கட்டப்பட்டது அங்கேதான். 1058 முதல் 1093 வரை ஆண்டவர். இரண்டாவது மனைவி மார்கரெட், நார்மன் படையெடுப்புக்குப் பிறகு தப்பி வந்த ஆங்கிலேய இளவரசி. அவர்களுக்கு ஆறு மகன்கள், இரண்டு மகள்கள். முதல் நான்கு மகன்களின் பெயர்கள்: எட்வர்ட், எட்மண்ட், எதல்ரெட், எட்கர். மார்கரெட்டின் அப்பா எட்வர்ட், தாத்தா எட்மண்ட், கொள்ளுத்தாத்தா எதல்ரெட், அவருடைய அப்பா எட்கர். தன் பரம்பரையை வரிசை பிசகாமல் ஏறிப் போயிருக்கிறார் அம்மையார். அது தீர்ந்த பிறகு அலெக்சாண்டர், டேவிட். மகள்கள் ஈடித், மேரி. கணவர் பக்கத்துக் கேலிக் பெயர் ஒன்றுகூட இல்லை. அலெக்சாண்டர் என்பதைப் போப் இரண்டாம் அலெக்சாண்டரின் நினைவாக வைத்தது என்பார்கள். அந்தக் கிரேக்கப் பெயர் பிற்பாடு மூன்று அரசர்கள் வழியாக ஸ்காட்லாந்தில் ஆழமாக வேர்விட்டது. கேலிக்கில் அலஸ்டர் ஆனது, தெற்கிலும் கிழக்கிலும் உள்ள தாழ்நிலத்தில் சேண்டி ஆனது, மெக்அலிஸ்டர் என்று ஒரு குலமே கிளம்பியது. அலஸ்டரைவிட ஸ்காட்லாந்துத்தனமான பெயர் ஒன்றைச் சொல் என்றால் இன்று பலர் யோசிப்பார்கள்.

நார்ஸ் அடுக்கைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மேற்குத் தீவுகள் 1266 வரை நார்வே அரசரின் ஆளுகையில் இருந்தவை. வைகிங்குகள் வந்து கொள்ளையடித்துவிட்டுப் போகவில்லை, தங்கினார்கள், கேலிக் பேசும் பெண்களை மணந்தார்கள், மூன்று நான்கு தலைமுறையில் கேலிக் பேசினார்கள். பெயர்கள் மட்டும் நார்ஸாகவே நின்றன. 'கேலிக் குலங்கள்' என்று நாம் நினைக்கும் மெக்லியோட் என்பது லியோட் என்ற நார்ஸ் பெயர். மெக்காலே என்பதில் இருப்பது ஓலாஃப். மெக்ஐவர் என்பதில் ஈவார். தோர் கடவுளின் பெயர் தாங்கிய தோர்மோத், தோர்கெட்டில் இரண்டும் கேலிக்கில் டோர்மொட், டோர்குயில் ஆயின. ரொனால்டு என்பது ரொக்ன்வால்டு. லாக்லன் என்றால் 'லோஹ்லன்காரன்', அதாவது நார்வே நாட்டவன். டூகல் என்றால் 'கறுத்த அந்நியன்', அதுவும் வைகிங்குகளைக் குறித்த சொல்தான்.

இந்தக் கலப்பை ஒரே குடும்பத்தில் பார்க்கலாம். 12ஆம் நூற்றாண்டில் மேற்குக் கடலை ஆண்ட சோமர்லெட்டின் அப்பா பெயர் கில்லெபிரீட், புனித பிரிஜித்தின் பணியாள், சுத்தக் கேலிக். சோமர்லெட் என்பது நார்ஸ், 'கோடையில் பயணம் போகிறவன்'. கோடையில் கப்பலேறிக் கொள்ளைக்குப் போவதுதான் அந்தப் பயணம். அவர் மகன் ரனல்டு, நார்ஸ். ரனல்டின் மகன் டொனால்டு, மறுபடி கேலிக். அந்த டொனால்டின் வழிவந்தவர்கள்தான் மெக்டொனால்டுகள். ஒரு தலைமுறை முந்திக் குலத்துக்குப் பெயர் வைத்திருந்தால் உலகம் முழுக்க இருக்கும் மெக்டொனால்டுகளின் பெயர் நார்ஸாகப் போயிருக்கும்.

ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகள் 1468, 1469ஆம் ஆண்டுகளில் டென்மார்க்–நார்வே அரசர் தன் மகளின் சீதனத்துக்கு ஈடாக அடகு வைத்த நிலங்கள். பணம் வரவே இல்லை, தீவுகள் ஸ்காட்லாந்திடமே தங்கிவிட்டன. அங்கே 'மக்' கிடையாது, ஸ்காண்டிநேவிய முறையில் 'சன்'தான். மேக்னஸின் மகன் மேன்சன் ஆனது அப்படி.

சரி, 'மக்'குக்கு வருவோம். மகன் என்று பொருள். தமிழ்க் காதில் 'மக்' என்று விழுந்ததும் 'மகன்' நினைவுக்கு வரும், எத்தனையோ பேர் இதைப் பெரிய கண்டுபிடிப்பாகப் பகிர்வதைப் பார்த்திருக்கிறேன். தற்செயல் ஒற்றுமைதான். கேலிக் 'மக்'கின் பழைய வடிவம் அயர்லாந்தில் ஓகம் என்ற பழைய எழுத்தில் உள்ள கல்வெட்டுகளில் 'மக்கி' என்று வெட்டப்பட்டிருக்கிறது. வெல்ஷ் மொழியில் அதே சொல் 'மாப்'. அங்கிருந்து 'அப்' ஆகி, 'அப் ரீஸ்' ஒட்டிக்கொண்டு பிரைஸ் என்ற குடும்பப் பெயரானது. வேர் கெல்டிக்குக்குள்ளேயே தெளிவாக இருக்கிறது.

'மேக்' என்று எழுதினால் ஸ்காட்லாந்து, சுருக்கி 'மெக்' என்று எழுதினால் அயர்லாந்து என்பதும் கட்டுக்கதை. பழைய எழுத்தர்கள் கைவலிக்குச் சுருக்கி எழுதினார்கள். ஒரே ஆள் பெயரை ஒரே பத்திரத்தில் இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். 'ஓ' என்ற முன்னொட்டுதான் பெரும்பாலும் அயர்லாந்துக்குரியது. அது பேரன் அல்லது வழித்தோன்றல் என்ற பொருளில் வரும்.

மக் பக்கத்தில் எப்போதும் தகப்பன் பெயர்தான் வரும் என்றும் நினைக்க வேண்டாம். தொழிலும் வரும். மெக்இன்டயர் என்பது தச்சனின் மகன். மெக்டகார்ட் பாதிரியாரின் மகன். மெக்நாப் மடாதிபதியின் மகன். பாதிரிக்கும் மடாதிபதிக்கும் ஏது மகன் என்று கேட்கலாம். பழைய கேலிக் திருச்சபையில் மடத் தலைமை பல இடங்களில் குடும்பச் சொத்தாக அப்பாவிடமிருந்து மகனுக்குப் போனது. ரோமின் கெடுபிடி அங்கே மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. இதே வட்டாரத்தில் ட்யூவர் என்றொரு பெயர். ஒரு புனிதரின் கைத்தடியையோ மணியையோ பரம்பரையாகப் பாதுகாத்தவர்களின் பட்டம் அது. வெந்நீர்க் குடுவைக்கு முன்னோடியான குடுவையை உருவாக்கிய விஞ்ஞானி ஜேம்ஸ் ட்யூவரின் பெயர் இங்கிருந்து வந்ததுதான்.

மெக்பெத் இன்னும் வேடிக்கை. நாடகத்தால் உலகமே அறிந்த பெயர். அது குடும்பப் பெயரே இல்லை. 'வாழ்வின் மகன்' என்று பொருள்படும் முதற்பெயர், இறைப்பற்று உள்ளவன் என்ற கருத்தில் வைப்பது. 1040 முதல் 1057 வரை ஆண்ட அந்த அரசரின் முழுப் பெயர் மக்பெஹத் மக் ஃபின்லாய். அப்பா பெயர் ஃபின்லே.

பெண்களுக்கு 'மக்' வராது. கேலிக்கில் 'நிக்' வரும். தோ-அல் குடும்பத்துப் பெண் நிக்கோனல் என்பது மாதிரி அழைக்கப்படுவார். ஆங்கிலப் பதிவேடுகள் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளவில்லை, அக்காவையும் தம்பியையும் ஒரே மெக்டொனால்டு ஆக்கிவிட்டன. கேலிக் பேசும் பெண்கள் சிலர் இன்றும் 'நிக்' வடிவத்தையே எழுதுகிறார்கள்.

மலைநாட்டுச் சாமானியர்களுக்கு நிரந்தரக் குடும்பப் பெயர் ரொம்பப் பிந்தித்தான் வந்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில்கூட ஒருவரின் 'மக்' அவருடைய சொந்த அப்பாவையே குறித்த ஊர்கள் உண்டு. பெயர் நிலைபெற்றபோது பல குடியானவர்கள் தங்கள் நிலத் தலைவரின் குலப் பெயரை ஏற்றுக்கொண்டார்கள். பாதுகாப்பு வேண்டும், நிலம் வேண்டும், அதற்குப் பெயர் ஒரு அடையாளம். ஆகவே ஒருவர் பெயர் கேம்பெல் என்பதால் அவர் அர்கைல் பிரபுக்களின் ரத்த உறவு என்று முடிவு கட்ட முடியாது. குலச் சின்னமும் கட்டம் போட்ட துணியும் விற்கும் கடைகள் இதைச் சொல்லாது.

பெயர் எவ்வளவு கனமான விஷயம் என்பதற்கு மெக்ரெகர் வழக்கு போதும். 1603இல் ஆறாம் ஜேம்ஸ் அரசர் அந்தப் பெயரையே தடை செய்தார். மெக்ரெகர் என்று சொல்லிக்கொண்டால் மரண தண்டனை. மக்கள் முர்ரே, டிரம்மண்ட், கிராண்ட், கேம்பெல் என்று கிடைத்த பெயருக்குள் புகுந்துகொண்டார்கள். 1661இல் தடை நீங்கி, 1693இல் மறுபடி வந்து, 1774இல்தான் ஒரேயடியாகப் போனது. புகழ்பெற்ற ராப் ராய் மெக்ரெகர் தன் தாய்வழிப் பெயரான கேம்பெல் என்றே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ராய் என்பது 'ருவா', செம்பட்டை முடிக்காரன். கேம்பெல் என்பதும் பட்டப்பெயர்தான், 'கோணல் வாய்'. கேமரன் 'கோணல் மூக்கு'. ஆனால் தாழ்நிலக் கேமரன்களில் பலர் ஃபைஃப் பகுதியில் கேமரன் என்றே இருக்கும் ஓர் ஊரால் அந்தப் பெயரைப் பெற்றவர்கள், அவர்கள் மூக்கு நேராகவே இருந்திருக்கலாம்.

இப்போது முதலில் சொன்ன இரட்டைப் பெயர் விவகாரம். மலைநாட்டில் திருமுழுக்குப் பதிவேட்டை எழுதிய பாதிரியார்கள் வீட்டுக்கு வீடு கேலிக்கில் பேசினாலும் எழுதியது ஆங்கிலத்தில். 1855இல் அரசுப் பிறப்பு இறப்புப் பதிவு தொடங்கியபோதும் அதே கதை. 1872 கல்விச் சட்டம் கேலிக்கைப் பொருட்படுத்தவே இல்லை, பள்ளி வருகைப் பதிவேட்டிலும் ஆங்கிலப் பெயர்தான். எனவே ஒவ்வொரு கேலிக் பெயருக்கும் ஓர் ஆங்கில 'ஜோடி' தேவைப்பட்டது. ஜோடி சேர்த்த விதத்தைப் பாருங்கள்.

எஹன் என்ற பெயரில் இருப்பது 'எஹ்', குதிரை. அதற்கு ஜோடி ட்ராய் நகரத்து வீரன் ஹெக்டர்! தொடக்க ஓசை கொஞ்சம் ஒத்துப்போகிறது, அவ்வளவே. ச்யார்லஹ் என்ற பழைய கேலிக் பெயருக்கு ஜோடி சார்லஸ், இரண்டுக்கும் வேரில் எந்தச் சம்பந்தமும் இல்லை. டோர்மொட்டுக்கு நார்மன். சோமர்லெட்டின் கேலிக் வடிவமான சோவர்லேவுக்கு விவிலியச் சாமுவேல். பெண்களில் 'வாழ்வு' என்ற சொல்லிலிருந்து வந்த பெஹக்குக்கு ரெபேக்கா. 'பெரியவள்' என்று பொருள்படும் மோர், பதிவேட்டில் சாராவோ மரியனோ ஆவாள். 'ஒளிமிக்கவள்' என்ற சோரஹாவுக்கு மட்டும் கிளாரா, இது அபூர்வமாகப் பொருளும் பொருந்திய ஜோடி. ஓயரிக் பாவம், எஃபி, யூஃபீமியா, ஹென்ரியெட்டா என்று ஊருக்கொரு வேடம் போட்டாள். 1746இல் குல்லோடன் போரில் தோற்ற இளவரசர் சார்லஸைப் பெண் வேடமிட்டுப் படகில் கடத்திய ஃப்ளோரா மெக்டொனால்டை அவர் ஊரில் ஃபியனகல் என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். ஃப்ளோரா ரோமானிய மலர்த் தேவதை, ஃபியனகலுக்கும் பூவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

கிலெஸ்பியின் கேலிக் வடிவமான கில்யெஸ்பிக்குக்கு ஆர்ச்சிபால்டு வந்ததற்கு ஒரு விளக்கம் உண்டு. ஆர்ச்சிபால்டு ஜெர்மானியப் பெயர், 'துணிவு' என்பது அதன் பின்பாதி. ஆனால் ஆங்கிலத்தில் 'பால்டு' என்றால் வழுக்கை. கில்லே என்ற அடியவர் பெயர் தலை மழித்த துறவியை நினைவூட்ட, இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள் என்பார்கள். நிரூபிக்க முடியாது. எனக்கு இது பிடித்திருக்கிறது.

எதிர்ப்பக்கக் குழப்பமும் உண்டு, வெவ்வேறு கேலிக் பெயர்கள் ஒரே ஆங்கிலப் பெயருக்குள் விழுவது. ஹியூ என்று பதிவாகியிருப்பவர் கேலிக்கில் 'தீ' என்ற பொருளுடைய ஏ-வாக இருக்கலாம், மெக்கே குலத்தின் பெயரில் இருப்பது அவர்தான். நார்ஸ் எய்ஸ்டெய்னிலிருந்து வந்த ஊஷ்ஜனாக இருக்கலாம். அர்கைல் பக்கம் யோவனாகவும் இருக்கலாம்.

கென்னத் இந்த வகையில் மிகப் பெரிய கண்ணி. 9ஆம் நூற்றாண்டு அரசர் கென்னத் மெக்அல்பினின் உண்மைப் பெயர் கினயத். மெக்கன்சி குலத்தின் கென்னத் வேறு, அவர் கோன்யஹ், 'அழகன்'. இரண்டு தனித்தனிப் பெயர்கள், ஆங்கிலத்தில் மட்டும் ஒரே கென்னத். கினயத்துக்குத் 'தீயில் பிறந்தவன்' என்று சொல்லப்படும் பொருளை எடுத்து மெக்கன்சிக்குப் போட்டுவிடுகின்றன பல தளங்கள். மெக்கன்சி என்றால் அழகனின் மகன். தீக்கு அங்கே வேலை இல்லை.

மெக்கன்சியில் உள்ள 'இசட்' ஒலியும் அசல் இல்லை. ஆங்கிலத்தின் உறவுமொழியான ஸ்காட்ஸின் பழைய எழுத்தில் 'யோக்' என்றோர் எழுத்து இருந்தது, பார்வைக்கு வால் நீண்ட மூன்று மாதிரி, ஒலியில் யகரம் மாதிரி. அச்சு வந்தபோது அச்சகங்களில் அந்த எழுத்து இல்லை. உருவத்தில் நெருங்கிய இசட்டைப் போட்டார்கள். மக்கெங்யி என்று ஒலித்த பெயரை ஜனங்கள் எழுத்தைப் பார்த்து மெக்கன்சி என்று படிக்க ஆரம்பித்தார்கள். மென்சீஸ் என்ற பெயர் தப்பித்துக்கொண்டது, அதை இன்றும் ஸ்காட்லாந்தில் 'மிங்கிஸ்' என்பார்கள். டல்சீல் என்று எழுதியிருப்பதை 'டீயெல்' என்பார்கள். நம் சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கும் மெக்கன்சி சுவடிகளைத் திரட்டிய காலின் மெக்கன்சி, லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேயில் பிறந்தவர். தமிழில் அவர் பெயரின் நடுவில் நாம் எழுதும் 'சி', ஒரு பழைய அச்சுக் குறைபாட்டின் மிச்சம்.

ஹேமிஷ் எப்படி வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜேம்ஸின் கேலிக் வடிவம் ஷேமஸ். கேலிக்கில் விளிவேற்றுமை உண்டு, கூப்பிடும்போது பெயரின் முதல் மெய் மெலிந்து, ஈற்றும் மாறும். ஷேமஸைக் கூப்பிட்டால் 'அ ஹேமிஷ்!'. கேலிக் தெரியாத காதுகள் இந்தக் கூப்பாட்டையே பெயர் என்று எடுத்துக்கொண்டன. இன்று நியூசிலாந்து வரை ஹேமிஷ்கள் இருக்கிறார்கள், எல்லோரும் நிரந்தரமாக விளிக்கப்பட்டுக்கொண்டே இருப்பவர்கள். இதே வழியில் மாரி (மேரிதான்) கூப்பிடும்போது 'அ வாரி' ஆகி, வாரி தனிப் பெயரானது.

பெயர் வைப்பதில் ஒரு வரிசை முறையும் பரவலாக இருந்தது. முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். முதல் மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், அடுத்தவளுக்கு அப்பாவின் அம்மா பெயர். தாத்தா பெயரை வைக்க ஆண் பிள்ளை இல்லாவிட்டால்? பெயரின் வாலில் 'இனா' ஒட்டிப் பெண்ணுக்கே வைத்துவிடுவது. டொனால்டினா, மர்டினா, ஹியூயினா, ஜேம்ஸினா, கென்னத்தினா. சிரிப்பு வரும், ஆனால் கடமை தவறவில்லை. 1888இல் குதிரைத் தலை நெபுலாவைக் கண்டறிந்த வானியலாளர் வில்லியமினா ஃபிளெமிங் டண்டீயில் பிறந்தவர், பெயரின் அமைப்பும் இதே ரகம்.

தாத்தா பெயர் திரும்பத் திரும்ப வந்தால் ஊரில் பத்து டொனால்டு மெக்டொனால்டு இருப்பார்கள். தீவுகளில் இதற்குத் தீர்வு 'ஸ்லோன்யக்', பரம்பரைச் சங்கிலி. 'தோ-அல் இயன் ரூவரி' என்றால் ரூவரியின் மகன் இயன், அவன் மகன் தோ-அல். கூடவே பெரியவன், கறுப்பன், வெளுத்தவன் என்று அடைமொழி. தபால்காரருக்கும் பதிவாளருக்கும்தான் மெக்டொனால்டு. கிழக்குக் கரையின் மீனவ ஊர்களில் ஸ்காட்ஸ் பேசியவர்களிடமும் இதே சிக்கல். அங்கே 'டீ-நேம்' என்ற பட்டப்பெயரை அரசுப் பட்டியலிலேயே சேர்த்து எழுதும் அளவுக்குப் போனது.

தாழ்நிலப் பெயர்களைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். முதலாம் டேவிட் 12ஆம் நூற்றாண்டில் நார்மன் பிரபுக்களைக் கூட்டி வந்து நிலம் கொடுத்தார். புரூஸ் நார்மண்டியின் பிரி என்ற ஊரிலிருந்து வந்தது என்பது வழக்கமான விளக்கம். சின்கிளேர் என்பது செயிண்ட் கிளேர். ஸ்டூவர்ட் என்பது அரண்மனை மேலாளர் பதவி, பிரிட்டனி வழி வந்த குடும்பம் அதைப் பரம்பரையாகப் பார்த்து, கடைசியில் அரியணையிலேயே ஏறிவிட்டது. வாலஸ் என்றால் 'வெல்ஷ்காரன்', கிளைடு பக்கத்துப் பழைய பிரித்தானியர்களை ஆங்கிலம் பேசியவர்கள் குறித்த சொல். ஆக, ஆங்கிலேயரை எதிர்த்த இரண்டு தேசிய வீரர்களான வில்லியம் வாலஸ், ராபர்ட் புரூஸ் இருவரின் முதற்பெயரும் நார்மன்கள் கொண்டுவந்த ஜெர்மானியப் பெயர், குடும்பப் பெயர்களிலும் கேலிக் கிடையாது. டக்ளஸ் மட்டும் கேலிக், 'கறுப்பு நீரோடை', அதுவும் ஊர்ப் பெயராக இருந்து ஆட்பெயரானது.

ஃபியோனா? பழைய பெயர் மாதிரித் தோன்றும். உண்மையில் புதுசு. 1890களில் வில்லியம் ஷார்ப் என்ற ஆண் எழுத்தாளர் ஃபியோனா மெக்லியோட் என்ற புனைபெயரில் எழுதினார். 1905இல் இறக்கும்வரை ரகசியத்தைக் காப்பாற்றினார். பெயர் பரவியது அதன் பிறகுதான். 'ஃபின்', வெண்மை என்ற கேலிக் சொல்லின் மேல் கட்டியது. ஆஸ்கர் இதற்கு நேர்மாறு. கேலிக் வீரக் கதைகளில் வரும் பழைய பெயர், 1760களில் ஜேம்ஸ் மெக்ஃபெர்சன் வெளியிட்ட ஒசியன் கவிதைகளால் ஐரோப்பா முழுக்கத் தெரியவந்தது. நெப்போலியன் அந்தக் கவிதைகளின் பைத்தியம். தன் தளபதி பெர்னடோட்டின் மகனுக்கு ஞானத்தந்தையாக நின்று ஆஸ்கர் என்ற பெயரைத் தேர்ந்தார் என்பார்கள். பெர்னடோட் பிறகு சுவீடன் அரசரானார், மகன் 1844இல் முதலாம் ஆஸ்கர் என்று முடிசூடினார். ஒசியனைப் பழங்காலக் கவிஞர் என்று சொல்லிப் பெரும்பகுதியைத் தானே எழுதிய மெக்ஃபெர்சன், வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்தார் தெரியுமா? ஆற்காடு நவாப் முகமது அலிக்கு லண்டனில் ஏஜெண்டாக இருந்தார்.

எதை நம்புவது என்ற கேள்விக்கு: ஒரு பெயரின் கேலிக் எழுத்து வடிவத்தைக் கொடுக்காமல் நேராகப் பொருளுக்குத் தாவும் பட்டியலைத் தள்ளிவிடுங்கள். குடும்பம் மலைநாடா தாழ்நிலமா என்று பாருங்கள், கேமரன் மாதிரி ஒரே பெயருக்கு இரண்டு ஊற்று இருக்கும். 1855க்கு முந்தைய ஆள் என்றால் அவர் பெயர் பதிவேட்டுக்குப் பதிவேடு மாறியிருக்கும், எஃபியும் யூஃபீமியாவும் ஒரே பெண்ணாக இருக்கலாம்.

முன்ரோவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கேலிக்கில் அந்தக் குலத்தவர் ரொஹஹ். அயர்லாந்தின் ரோ ஆற்றுப் பக்கமிருந்து வந்தவர்கள் என்பது குல மரபு. சென்னை தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் சிலையாக இருக்கும் ஆளுநர் தாமஸ் முன்ரோ அந்தப் பெயர்க்காரர்தான். அவர் வரி வசூல் நிர்வாகத்தில் இருந்த ராயலசீமைப் பகுதியில் பிள்ளைகளுக்கு முன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள்.